துப்பாக்கிக்குப் புளி

மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அதில் துப்பாக்கி படுத்திருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் ஊற்றினால் தட்டு சாயும். சாய்ந்தால் குற்றம் என் பேரில்.

அது என் மாமனார் காலத்துத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டாதான் போடலாம். நடுவில் மடக்கி, தோட்டாவைச் சொருகி, மூடிச் சுட வேண்டும். அடுத்த தோட்டாவுக்கு மறுபடியும் மடக்க வேண்டும். அதற்குள் பன்றி சிங்கப்பூருக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஜொகூரில் கோத்தா திங்கி ஊருக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. கன்றுகளைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப் பன்றிகளுக்காக மாமனார் லைசென்ஸ் எடுத்தார். அவருக்குப் பிறகு அது இவர் பேருக்கு மாறியது. இவர் கடைசியாகச் சுட்டு ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பன்றி ஓடிவிட்டது. தோட்டத்தில் இருந்த நீலத் தண்ணீர்த் தொட்டியில்தான் ஓட்டை விழுந்தது.

சுடுகிறாரோ இல்லையோ, வருஷம் தவறாமல் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். போன வருஷம் அங்கே இருந்த பெண் ஆபீசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். விசைக்கு மேலே இரும்பில் வெட்டியிருக்கும் நம்பர் துருவில் மறைந்துபோயிருக்கிறது, லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்பார்க்க முடியவில்லை, அடுத்த வருஷமும் இப்படியே வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று.

ஒரு வருஷம் தவணை. அதில் பதினோரு மாதம் மனிதர் சும்மா இருந்தார். கடைசியில் மூன்று வாரம் இருக்கும்போது துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

துரு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதைச் சாமி முன்னால் கிடத்தி மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைப்பார். குழலில் ஒன்று, மரக் கட்டையில் ஒன்று, சரியாக அந்த நம்பர் மேல் ஒன்று. வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்று அவர் அப்பா சொன்னாராம். ஈரச் சந்தனம் இரும்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். நான் ஒரு தடவை துணியை எடுத்துக்கொண்டு போனேன். "தொடாத!" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. பொட்டு உதிர்ந்த இடத்தில் துரு பொட்டு வைத்துக்கொண்டது.

சுத்தம் செய்ய ஆரம்பித்த முதல் நாளே என் தையல் மிஷின் எண்ணெயைக் காணவில்லை. அந்த மிஷின் சாதாரண மிஷின் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் இவர் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி நின்றபோது, இடுப்பளவு தண்ணீரில் நான் தனியாகத் தூக்கிக் காப்பாற்றிய மிஷின். இரண்டாம் நாள் என் பல்விளக்கும் பிரஷ் மேசையில் மண்ணெண்ணெய் வாடையோடு கிடந்தது. மூன்றாம் நாள் முன் ஜன்னல் திரை தரையில் விழுந்து கிடந்தது. திரை மாட்டும் கம்பியை உருவிக்கொண்டு போயிருக்கிறார். அதன் நுனியில் என் பழைய உள்பாவாடைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். சாலையில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"திரைய எங்க மாட்டறது?" என்றேன்.

"ரெண்டு நாளு பொறு. ஒன்னய யாரு பாக்கப் போறா?" என்றார்.

கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டார். சமையலுக்கு வைத்திருந்த சுத்தமான எண்ணெய். மறுநாள் காலையில் சுவரிலிருந்து மேசைக்கால் வழியாகத் துப்பாக்கிக்கு எறும்பு வரிசை போட்டிருந்தது. எறும்புக்கு மருந்து அடிக்கப் போனால், மருந்து மரத்தைக் கெடுத்துவிடும் என்று என்னை விரட்டினார். ஒவ்வொரு எறும்பாக விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

திருகாணிகளைக் கழற்றி என் ஊறுகாய்ப் பாட்டில் மூடியில் போட்டு வைத்தார். ஒரு சின்ன ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். எனக்கு முதுகு வலி, அவருக்கு முட்டி வலி. கடைசியில் அது என் கொண்டையில் சிக்கியிருந்தது. நான் திருடி வைத்திருந்ததுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

"இது?"

"அது எக்ஸ்ட்ரா."

துப்பாக்கி செய்தவன் எக்ஸ்ட்ரா வைத்துச் செய்வானா? நான் கேட்கவில்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேட்டால் மட்டும்தான் வாய் திறப்பேன். வீட்டுக்கு ஆள் வந்தால் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தேன்.

"அம்மா, அத போலீசுலயே குடுத்துட்டு வாங்க லா. அப்பாவுக்கு எண்பது ஆவப் போவுது. இனிமே எதச் சுடப் போறாரு?"

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "தோட்டத்துல இன்னொரு தண்ணித் தொட்டி இருக்குன்னு சொல்லு."

சிரித்தது என் மகள்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதையேதான் நானும் மனதுக்குள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால் போதும். இரும்பு அலமாரியைப் பூட்டினாயா, சாவி எங்கே, ஜன்னல் அடைத்தாயா என்று நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியாவது ஒழியும்.

போலீஸ் நிலையம் போக வேண்டியது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் விளக்குத் துலக்க அடுப்படியிலிருந்து வந்தேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய், மிஷின் எண்ணெய், என் பிரஷ் எல்லாம் போட்டும் அந்த ஒரு இடம் மட்டும் பழுப்பாகவே இருந்தது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் துருவோடு நம்பரும் போய்விடும், அது அவருக்கும் தெரியும். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கண் தெரியாதவர் தடவுவதுபோல விரலால் அந்த இடத்தைத் தடவி, நம்பரை மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் கல்யாண நாள் அவருக்கு ஒரு வருஷமும் ஞாபகம் இருந்ததில்லை. இது தடுமாறாமல் வந்தது.

"போனா போவட்டும். புஸ்தகத்துல மொதப் பக்கம் அப்பா பேரு. கடைசிப் பக்கம் என் பேரு. அதோட மூடிருவாங்க" என்றார்.

என்னிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையில் வேறு ஏதாவது எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

என் கையில் குத்துவிளக்குத் துலக்கக் கரைத்து வைத்த புளி இருந்தது. உப்புப் போட்ட புளி. வாரம் தவறாமல் அதை வைத்துத்தான் விளக்கைத் துலக்குகிறேன். எவ்வளவு கறுத்த விளக்காக இருந்தாலும் வெளுத்துவிடும். துப்பாக்கியைப் பார்த்தேன், புளியைப் பார்த்தேன். மூன்று வாரமாக எனக்குள் இருந்த எரிச்சல் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. விசைப் பக்கம் முழுக்க அப்பித் தேய்த்தேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடியும் தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. துணியால் துடைத்தேன். உள்ளேயிருந்து நம்பர் வந்தது. முதலில் ஒரு ஏழு, அப்புறம் எட்டு. நேற்று வெட்டியதுபோல இருந்தது.

ஆனால் நம்பரைச் சுற்றியிருந்த நீலக் கறுப்பு மெருகும் கையோடு வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் புது எவர்சில்வர் தட்டு மாதிரி வெள்ளையாகப் பல்லை இளித்தது.

விளக்காக இருந்தால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் வைத்து, எண்ணெய் தடவுவேன். இதற்குத் தண்ணீர் விட எனக்குப் பயம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பயம். அதனால் துணியால் மட்டும் துடைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி விளக்கைத் துலக்கப் போய்விட்டேன்.

அவர் வந்து துண்டைத் தூக்கினார்.

"யாரு இது செஞ்சது?"

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"நம்பரு தெரியுதில்ல?" என்றேன்.

"நம்பரு தெரியுது. மத்ததெல்லாம் எங்க? இது என்ன தொப்பாக்கியா, ரசச் சட்டியா?"

கோபத்தில் எண்ணெய்கூடப் போடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். திங்கட்கிழமை காலையில் திறந்தால், வெள்ளையாக இருந்த இடம் முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புதுத் துரு பூத்திருந்தது. உப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. மிஷின் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீதான செஞ்ச? நீயே வந்து ஆபீசர்கிட்ட சொல்லு."

"நானா? நான் என்னத்தச் சொல்ல?"

"புளி போட்டேன்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பரத் திருத்துனேன்னு என்னப் புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

என் வாழ்நாளில் நான் போலீஸ் நிலையத்துக்குள் காலடி வைத்ததில்லை. வண்டியில் உட்கார்ந்துகொண்டு சாமியிடம் வேண்டிக்கொள்ளலாம் என்றால், எந்தப் பக்கம் வேண்டுவது என்று தெரியவில்லை. துப்பாக்கி போகட்டும் என்று வேண்டினால் வீட்டுக்கு நிம்மதி. ஆனால் வெள்ளிக்கிழமை விரலால் தடவிக்கொண்டிருந்தாரே, அது கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதே பெண் ஆபீசர்தான் இருந்தார். முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தார். லைசென்ஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, போனில் இருந்த டார்ச்சை அடித்து நம்பரைப் படித்தார். "தூஜோ... லாப்பான்..." அவர் ஒவ்வொன்றாக மலாயில் படிக்கப் படிக்க, என் பக்கத்தில் இவர் உதடு மட்டும் தமிழில் அசைந்தது.

எல்லாம் ஒத்துப்போயிற்று. ஆபீசர் புத்தகத்தை மூடவில்லை. வெளுத்த இடத்தில் விரலை வைத்து, இங்கே என்ன செய்தீர்கள், ஏதாவது மெஷின் போட்டுத் தேய்த்தீர்களா என்று மலாயில் கேட்டார். குரல் மாறியிருந்தது. இவர் மோவாயால் என்னைக் காட்டினார். கட்டின புருஷன், மோவாயால் காட்டுகிறார்.

மார்க்கெட்டில் மீன் வாங்குகிற மலாய்தான் எனக்குத் தெரியும்.

"சாயா..." என்றேன். 'நான்' என்பதற்கு மேல் வரவில்லை. கையால் தேய்த்துக் காட்டினேன். புளிக்கு மலாயில் என்ன என்பது மட்டும் தெரியும். "ஆசாம் ஜாவா."

"ஆசாம் ஜாவா?"

தலையை ஆட்டினேன். "காராம்" என்று உப்பையும் சேர்த்துச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அலமாக், மாக்சிக்!" என்று, ஐயோ அம்மா என்கிற மாதிரி, அவர் நெற்றியில் கை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, இந்த அம்மா துப்பாக்கிக்கு ஆசாம் பெடாஸ் புளிக் குழம்பு சமைத்திருக்கிறார் என்று காட்டினார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவருடைய அம்மா வீட்டில் பழைய கெரிஸ் கத்தி இருக்கிறதாம், அதை எலுமிச்சம்பழம் போட்டுத்தான் தேய்ப்பார்களாம். "ஆனா மாக்சிக், பிறகு கழுவணும். நல்லாக் காய வைக்கணும். அப்புறம் எண்ணெய்."

எனக்குத் தெரியாததா? விளக்குக்கு வாரா வாரம் அதைத்தான் செய்கிறேன். அதைச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் புத்தகத்தில் முத்திரையைக் குத்தி இவரிடம் நீட்டினார். கடைசிப் பக்கம் இல்லை, அதற்கு முந்தின பக்கம். இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது.

திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் இவர் தொண்டையைச் செருமினார்.

"நம்பரு பளிச்சுனு இருந்திச்சு. டார்ச்சுகூட அடிச்சிருக்க வேணாம்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் செருமினார்.

"வீட்டுல புளி இன்னும் இருக்கா?"

"எதுக்கு?"

"இல்ல, கொழலுக்கு உள்ளயும் கொஞ்சம் துரு இருக்கு. தண்ணி ஊத்திக் கழுவலாம்னு ஆபீசரே சொல்லிட்டாங்களே."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலியில் ஏறிப் புளி ஜாடியை அடுப்படி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தேன். அவர் கைக்கு எட்டாது, அந்த முட்டியை வைத்துக்கொண்டு நாற்காலியிலும் ஏற முடியாது. நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், மேசையில் துப்பாக்கி. ஊறுகாய் மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மிச்சத் திருகாணி எங்கே போகும் என்று மறுபடியும் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அன்றைக்கும் தட்டு மடியில்தான்.