ஞானத்தகப்பனை ‘டா’ போட்டவன்

என் தம்பி பிதென்சியோவுக்கு வாய்தான் எமன். அவனும் கூக்கோவும் ஒரே தெருப் புழுதியில் புரண்டு வளர்ந்தவர்கள். ‘டேய்’ இல்லாமல் ஒரு பேச்சு கிடையாது. தம்பி மகள் நாத்திக்குக் கூக்கோ ஞானத்தகப்பன் ஆன அன்று, கோயில் வாசலில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதோடு ‘டா’ போச்சு. எங்கள் துராங்கோ மலையில் அதுதான் முறை. பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனும் சாகும்வரை ஒருவருக்கொருவர் ‘கொம்பாத்ரே’தான், ‘நீங்க’தான். சீட்டாடும்போதுகூட, “கொம்பாத்ரே, நீங்க சரியான களவாணிங்க” என்று மரியாதையாகத்தான் திட்டிக்கொள்வார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாராயக் கடையில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேச்சு முற்றியது. “போடா, பெரிய இவன்!” என்றுவிட்டான் என் தம்பி. கடையே திரும்பிப் பார்த்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள். கூக்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். “இனிமே அவன் வந்து கத்துனா எவனும் கதவத் தொறக்கக் கூடாது” என்று தன் வீட்டில் சொல்லி வைத்தான்.

அதே வாரம் நாத்தியின் செருப்புக்குள் தேள் இருந்திருக்கிறது. கொட்டிவிட்டது. எங்கள் ஊர்த் தேள் குழந்தைகளை விட்டுவைக்காது. மருந்தோ மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில். ஊரில் இருப்பதோ கூக்கோவின் வண்டி ஒன்றுதான். பிள்ளைக்கு அதற்குள் எச்சில் வழிய ஆரம்பித்துவிட்டது. பிதென்சியோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நான் பின்னால் ஓடினேன். ஐயோ, பதற்றத்தில் பாவிக்கு வந்தது பழைய வாய்!

“டேய் கூக்கோ! கதவத் தொறடா! வெளிய வாடா!”

உள்ளே ரேடியோ சத்தம் கூடியது. மறுபடியும் குடித்துவிட்டு வம்புக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். தம்பி கதவை உதைக்க உதைக்க ரேடியோவும் ஏறியது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த நான் அவன் முதுகில் ஒரு அறை விட்டேன்.

“அறிவுகெட்டவனே! யாரடா ‘டா’ போடுற? கொம்பாத்ரேன்னு கூப்பிட்டுத் தொலடா!”

அவன் அப்படியே மண்டியிட்டான். “கொம்பாத்ரே... உங்க மக சாகுறா. கும்பிடுறேன், வாங்க.”

தாழ்ப்பாள் தெறித்தது. கூக்கோ வெறுங்காலோடு ஓடிவந்து வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அவன் வாயில் ஜெபம்தான். கடைசி வளைவில் என் மடியிலேயே நாத்தியின் கை துவண்டது.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்றார் டாக்டர்.

இறந்த குழந்தைக்கு உடுத்திவிடுவது ஞானத்தகப்பன் கடமை. கூக்கோ நாத்திக்கான வெள்ளைச் சட்டையோடு வந்தான். வந்தவன் தம்பியின் காலடியில் விழுந்தான்.

“பிதென்சியோ, என்னை அடிடா. ‘டா’ போட்டுத் திட்டுடா. கொன்னு போடுடா.”

தம்பி அவனைத் தூக்கி நிறுத்தினான்.

“வேணாங்க கொம்பாத்ரே. பிள்ளைக்குக் குளிரும், சட்டையைப் போட்டு விடுங்க.”