இடப்பக்கத்துச் சிவப்பு

என் மீன்பிடிப் படகின் இடப்பக்க விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்துவிட்டது; வேறு சிவப்பு எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளைக் கண்ணாடியை வாங்கிவந்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் சிவப்பு நகச்சாயக் குப்பியைத் திறந்தாள். அந்த நெடி, நான் வளர்ந்த கிள்ளான் ஆற்றோரத்துப் பலகை வீட்டில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பா ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற படகுக்காரர். படகை நாங்கள் 'போட்டு' என்றுதான் சொல்வோம். அவர் படகிலும் அதே சிவப்புக் கண்ணாடிதான் உடைந்தது. விளக்கு வெள்ளையாக எரிந்ததால், கரை விளக்கென்று நினைத்து நேராக வந்த தொங்கான் என்னும் பெரிய சரக்குப் படகு ஒன்று படகை உரசிவிட்டுப் போனது.

மறுநாள் மாலை, "இன்னிக்கு ஒரு நாளைக்கு வெள்ளையே போதும்லா," என்றார் அப்பா.

அம்மா படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "சிவப்பு எரியாம போட்டு நகராது."

தீபாவளிக்கு வாங்கிய சிவப்பு நகச்சாயம் முழுவதையும் விளக்குக் கண்ணாடியில் பூசினாள். அக்கரைக்குப் போகப் படகுத்துறையில் காத்து நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் நகங்கள் வெறுமையாகவே இருந்தன.

கைப்பேசி அடித்தது. என்னோடு மீன்பிடிக்க வரும் நண்பன். "வெள்ளையே மாட்டுங்கண்ணே, ஒரு நாளைக்குத்தானே!"

மகளின் குப்பியை வாங்கிக்கொண்டேன்.

"பூசிட்டு வரேன். காயாம போட்டு நகராது."