எதிர்ச்சேவலுக்குத் தண்ணீர்

கஞ்சிக்கோடு ஆலையில் ஷிப்ட் முடிந்து வீடு வந்தால் நான் பார்ப்பது ஜப்பான் அனிமே சண்டைகள்தான். அதில் ஒரு ரக நாயகன் எனக்கு உயிர். எதிரி சோர்ந்து விழுந்தால் அடிக்கமாட்டான். மருந்து கொடுத்து எழுப்பி, "இப்ப வா" என்பான். என்ன ஒரு நேர்மை என்று பல வருடம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

போன பொங்கலுக்கு மாமனார் ஊர்த் தென்னந்தோப்பில் சேவற்கட்டு. என் சேவல் அடித்த அடியில் எதிர்ச்சேவல் சாய்ந்தது. அதன் சொந்தக்காரர் போதுமுங்க என்று கும்பிட்டுவிட்டார். நான் விடவில்லை. சுற்றுக்கு நடுவே அவரவர் சேவலுக்குத் தண்ணீர் காட்டித் தெம்பேற்றுவது வழக்கம். நானோ அவருடைய சேவலைத் தூக்கி, அலகில் தண்ணீர் விட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். என் விரலுக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது தெரிந்தேதான் மறுபடி களத்தில் இறக்கினேன். அடுத்த சுற்றில் செத்துப்போனது.

அதன்பிறகு அந்த நாயகன் மருந்தை நீட்டினாலே எனக்கு எரிச்சல் வருகிறது. திரையில் அவனுக்குப் பின்னால் ஒரு ஊரே எரிந்துகொண்டிருக்கும். இவனுக்குச் சண்டை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது. இதையா நேர்மை என்று நம்பினேன்?

ஆனாலும் நேற்றுகூட அனிமேயில் பேசுகிற காட்சிகளையெல்லாம் தள்ளிவிட்டு நேராகச் சண்டைக்குத்தான் போனேன். வாசல் கூண்டில் புதுச்சேவல் கம்பு கொத்திக்கொண்டிருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.