போஸ்டரில் இல்லாத பெயர்

அந்தப் போஸ்டரின் முன்னால் ராத்தா நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆய்வரங்கு மண்டபத்தில் எல்லோரும் பற்றிஸும் தேநீருமாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை வைத்து ஆய்வாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அவருடைய பெயர் அதில் இல்லை.

உயிர்த்தொழினுட்ப முதுமாணிப் படிப்பில் அவர் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். உறவில்லாவிட்டாலும் அக்கா முறையில் எனக்கு ராத்தாதான். இறக்காமத்து விவசாயியின் மகள். கடலோர வயல்களில் உப்பேறி நெற்பயிர் கருகுகிறது. அந்த உப்பிலும் பிழைத்திருக்கும் பக்டீரியா ஒன்று நெல்லின் வேரைக் காப்பாற்றுமா என்பதுதான் அவர் தேடியது. வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கல்முனையிலிருந்து தம்பிலுவில் வரை போய், சொப்பிங் பேக்குகளில் மண் அள்ளி வந்தார். இரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் தட்டுத் தட்டாக வளர்த்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். உப்புத்தண்ணீர் ஊற்றிய சாடியில் நாற்று பச்சையாக நிமிர்ந்து நின்ற காலையில், கையுறையைக் கழற்றாமலே என்னைக் கட்டிப்பிடித்தார். "வாப்பாக்குக் கோல் எடுத்துச் சொல்லணும் புள்ள."

போஸ்டரில் முதலில் இருந்தது, அந்த மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காத இன்னொரு மாணவரின் பெயர். ராத்தா நேராகத் தன் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியரிடம் போனார்.

"சேர், என்ட பேர் எங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை. "உங்களுக்குக் கலியாணம் பேசியிருக்குத்தானே. முதல் பேரில இருக்கிறவர் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போகப் போறார், அவருக்கு இது தேவை. உங்களுக்கு என்னத்துக்கு?"

ராத்தா எழுத்தில் முறையிட்டார். விசாரணை மேசையில் தன் ஆய்வுக் குறிப்புப் புத்தகங்களை அடுக்கிவைத்தார். சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம்தான் பேராசிரியர் எனக்கு ஒரு தற்காலிக விரிவுரையாளர் இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். பரிசோதனைகளைச் செய்தது யார் என்று கேட்டார்கள்.

"நாங்க எல்லாரும் சேந்துதான் செஞ்சம்" என்றேன்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார்.

அந்த மாணவர் வெளிநாடு போனார். எனக்கு இடம் கிடைத்தது, பிறகு நிரந்தரமும் ஆனது. ராத்தாவுக்குக் கிடைத்தது பட்டதாரி நியமனம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கிறார். மரபணுவைப் பிரித்தெடுக்கத் தெரிந்த கையில் இந்த நாடு ஒரு றப்பர் முத்திரையைக் கொடுத்திருக்கிறது. நானோ ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் முன்னால் நின்று, இதைப் படித்தால் மருந்துக் கம்பனி, விதை ஆராய்ச்சி, வெளிநாடு என்று வாசிக்கிறேன். பேராசிரியர் மேல் எனக்குள்ள ஆத்திரம் ஆறவில்லை. என் மேல் உள்ளது அதைவிட மோசம்.

போன மாதம் அதே பக்டீரியாவுக்காகப் பேராசிரியருக்கு விருது கொடுத்தார்கள். நடந்தது முழுவதையும் நான் பொய் சொன்னதையும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதமாக எழுதி, அதோடு ராத்தாவின் கந்தோருக்குப் போனேன். சனங்கள் வரிசையில் நிற்க, அவர் கடைசி வரி வரை வாசித்தார்.

"எல்லாம் சரிதானே ராத்தா?"

"ஓம்."

"அனுப்பட்டா?"

"அத என்னத்துக்கு எனக்கிட்டக் கேக்காய்? அண்டைக்கு எனக்கிட்டக் கேட்டுட்டா பொய் சொன்னாய்?"

கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். கையெழுத்துக்குக் கீழே சிரேஷ்ட விரிவுரையாளர் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடுங்குவதென்றால் பிடுங்கட்டும்.