அப்பாவின் காலிக் கட்டங்கள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். நாலாம் வகுப்பு படிக்கும்போதே கரும்பலகையில் தேதி எழுத டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தப் பாழாய்ப்போன கையெழுத்து மட்டும் கோணலாக இருந்திருந்தால், அத்தை அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருக்கவே மாட்டாள். இதை எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். யோசித்து என்ன பிரயோசனம்? நோட்டு என் கைக்குத்தான் வந்தது.

அப்போது நாங்கள் சேரம்பாடியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். கூடலூர், அங்கிருந்து கோயம்புத்தூர் என்று கொண்டுபோய், மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்தபோது வலது கை தொங்கிப் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது.

பேச்சு முழுதாகப் போகவில்லை என்பதுதான் கொடுமை. “பாப்பா… தண்ணி…” என்பார். அதோடு நின்றுவிடும். வாய் திறந்தபடி இருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மிச்சம் வராது. தண்ணீர் கொண்டு வரச் சொல்கிறாரா, தண்ணீர் கொட்டிவிட்டது என்கிறாரா, குழாயில் வரவில்லை என்கிறாரா, நமக்கு எப்படித் தெரியும்? நான் ஓடிப்போய்ச் செம்பை எடுத்து வருவேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். லயத்தில் ஒரு சண்டை என்றாலும் ஒரு கல்யாணப் பேச்சு என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மேஸ்திரியே அவர் வாய்க்குப் பயப்படுவார். அப்படிப்பட்ட மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி மொழியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்க அனுப்பியதே அப்பாதான். “மொழியில படிக்கிறதுக்கு என்ன இருக்கு? பொறந்ததுலேர்ந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்?” என்று அம்மா கேலி செய்வாள். அப்பா விழுந்த பிறகு அந்தக் கேலி நின்றுபோனது.

அத்தை வாக்கியத்துக்கு மரம் வரைவாள். உச்சியில் ஒரு புள்ளி. அதுதான் முழு வாக்கியம். அதிலிருந்து கீழே இரண்டு கிளை, கிளையிலிருந்து சின்னக் கிளை, அடியில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொல். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது, “என்னத்தே, மரம் தலகீழா நிக்குது?” என்று கேட்டேன்.

“இந்த மரம் அப்படித்தான்டி. வேர் மேல, எல கீழ,” என்று சிரித்தாள்.

அப்பா பேசியதற்கும் அவள் மரம் வரைந்தாள். சொன்ன சொல்லை நுனியில் எழுதினாள். சொல்ல வந்து வராமல் போன சொல்லுக்கு அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காலியாக விட்டாள். கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மா இருந்தார். இந்த மாதிரி விழுந்தவர்களைப் பக்கத்திலேயே தங்க வைத்து, தினமும் பேச வைத்துத் தேற்றிவிடுவார்களாம். இடம் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்று இரண்டு மாதம் எழுதிக் கொண்டு வாருங்கள், பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அதற்கும் சிக்னல் வேண்டுமானால் ரோட்டு வளைவு வரைக்கும் நடக்கவேண்டும். அத்தையால் மாதம் ஒரு தடவைதான் வரமுடியும். ஆகவே நோட்டு என்னிடம் வந்தது.

“தெனமும் சாயங்காலம் அப்பா பேசுறத மூணு மரம் வரைஞ்சு வை. சொன்னத மட்டும் எழுது. வராததுக்குக் கட்டம் போட்டுட்டுச் சும்மா விட்டுரு. கட்டம் இருந்தா தப்புன்னு நெனச்சுக்காத,” என்றாள். அன்றைக்கே அம்மாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: “எல்லாம் இந்த நோட்டுலதான் இருக்கு அண்ணி. இதப் பாத்துத்தான் அண்ணனச் சேக்குறதா வேணாமான்னு சொல்லுவாங்க.”

அவள் முதலில் சொன்னதை நான் விட்டுவிட்டேன், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஒன்பது மரம், ஒன்பதிலும் அடியில் கட்டம். ‘பாப்பா, தண்ணி’, ஒரு கட்டம். ‘அம்மா, தோட்டம்’, ஒரு கட்டம். ‘மழ’, ஒரு கட்டம். பக்கத்தைப் பார்க்கவே எனக்கு அழுகை வந்தது. இத்தனை ஓட்டையோடு இந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அம்மா அப்பாவை எப்படிச் சேர்த்துக்கொள்வார்? கணக்கில் சைபர் வாங்கியவனை எந்த டீச்சர் முன் பெஞ்சில் உட்கார வைக்கிறார்?

இதற்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அந்த வருஷம் ஒரு லீவு நாளில் அம்மாவோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். அவள் சாக்கு பாதிகூட நிறையவில்லை. எடை குறைந்தால் மேஸ்திரி அரைப் பேர்தான் போடுவார், அதாவது நாள் முழுக்கச் செய்த வேலை அரை நாளாகிவிடும். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கைக் கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் போட்டாள். மேஸ்திரி அந்த நேரம் பார்த்துத் தராசின் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முழுப் பேர் விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: “வெளிய சொல்லிராதடி. எடை பத்தாம நிக்கிறவளப் பாத்துட்டுச் சும்மா போனா நாம என்ன மனுஷங்க?”

நாலாம் நாள் சாயங்காலம், அப்பா “பாப்பா… தண்ணி…” என்று நின்றபோது, வழக்கம்போலக் கட்டம் போட்டேன். பிறகு அதற்குள் ‘கொண்டா’ என்று எழுதினேன். மனசு லேசாகிவிட்டது. என் அப்பாவுக்கு என் கையால் ஒரு கைக் கொழுந்து.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட நான் முட்டாளா? ஒரே ஆள் கூடையைக் கவிழ்த்தால் மேஸ்திரிக்கே சந்தேகம் வந்துவிடும். ஆகவே மூன்றில் ஒன்றை நிரப்பினேன். அடுத்த வாரம் இரண்டு. ஒரு மாதம் கழித்து அத்தை வந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பாவிடம் போய், “அண்ணே, என்கிட்டயும் ஒரு வார்த்த பேசேன்,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒங்க முன்னாடி வெக்கப்படுறாரு அத்தே,” என்றேன். என் வாயில் தீயை வைக்க.

அவளும் அதை நம்பினாள். நம்ப ஆசையாக இருந்திருக்கும். “ஆமா, எப்பவும் மகதான் ஒசத்தி,” என்று பொய்க்கோபத்தோடு சொல்லிவிட்டு, இருட்டி ரோட்டில் ஆனை இறங்குவதற்குள் பஸ் பிடிக்கவேண்டும் என்று ஓடினாள்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். காலையில் பேப்பர் வாசிக்காமல் டீ குடிக்கமாட்டார். நான் எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அத்தை வந்துபோன அடுத்த வாரம், ஒரு சாயங்காலம் இடது கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் அப்போதுதான் எழுதி முடித்திருந்த கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். “பாப்பா… அது… அது…” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. விரலால் அந்தச் சொல்லை மெதுவாக, திரும்பத் திரும்பத் தடவினார். முதல் ரேங்க் வாங்கி வரும்போதெல்லாம் என் பரீட்சைப் பேப்பரை அப்படித்தான் தடவிக்கொடுப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று கட்டத்தையும் நிரப்பினேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் அண்ணன் கோயம்புத்தூர் போனான். அவனிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினோம்.

அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். கூடலூரில் வாங்கிய அல்வாப் பொட்டலமும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். “அண்ணி, எடம் குடுக்கல,” என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தாள். “அந்தம்மா நோட்டப் பாத்துட்டு அசந்துட்டாங்க. ‘இவரு தானாவே நல்லாத் தேறி வர்றாருங்க. ஒண்ணுமே பேச வராதவங்க எத்தன பேரு காத்திருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துட்டோம்ங்க’ன்னாங்க. சந்தோஷமா வந்துட்டேன்.”

சேர்த்துக்கொள்ளத்தானே அத்தனையும் எழுதினேன்? முழு எடை இருந்தும் பேர் இல்லை என்று சொல்கிற தோட்டம் உண்டா?

அத்தை அப்பா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நோட்டை விரித்து, “அண்ணே, இத நீதான சொன்ன? ‘பாப்பா, பீடிய எடு’. சொல்லு பாப்போம்,” என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். “பாப்பா…”

காத்திருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தை வேறொரு பக்கம் புரட்டி வேறொரு வாக்கியம் படித்தாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அத்தை நோட்டைக் குனிந்து பார்த்தாள். பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டினாள். சொன்ன சொல்லுக்குக் கட்டம் கிடையாது, வராத சொல்லுக்குத்தான் கட்டம். அவளே போட்ட சட்டம் அது. நான் கட்டத்தைப் போட்டுவிட்டு அதற்குள் எழுதியிருந்தேன். நான் அழகுக்குக் கட்டம் போட்டிருக்கிறேன் என்று அதுவரை அத்தை நினைத்திருக்கிறாள், பாவி.

“கட்டத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் யாருடி சொன்னது?”

“நான்தான் அத்தே. எடை பத்தல,” என்றேன்.

அத்தைக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கரண்டியோடு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை கோயம்புத்தூர் போய் அந்த அம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த முறை இடம் கிடைத்தது. அப்பா போனார், இருந்தார், போனபடியே திரும்பி வந்தார். விழுந்த புதிதில் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அத்தை அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன். அவள் பட்டம் வாங்கினாள், வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதன் பிறகு ஒரு மரம்கூட வரையவில்லை.

அப்பா இன்றும் இருக்கிறார். இன்றும் “பாப்பா… தண்ணி…” என்று நிற்கிறார். என் கல்யாணத்தன்று என்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “பாப்பா… நீ…” என்றார். அவ்வளவுதான். மிச்சம் என்ன என்று எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. இப்போது நானாக எதையும் நிரப்பிக்கொள்வதும் இல்லை.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது பெட்டியில் அந்த நோட்டு கிடைத்தது. அன்றைக்கு அவர் விரல் வைத்த பக்கத்தை எடுத்தேன். மரம் நேராக, கிளைகள் அளவாக, என் அழகான கையெழுத்து அப்படியே இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பென்சில் கலைந்து, கருப்பாய் அப்பி, தாள் தேய்ந்து மெலிந்திருக்கிறது. நான் எழுதியதை அப்பா தடவிக்கொடுக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் அதை அழித்துக்கொண்டிருந்தார்.