கஸ்தூரியின் முழங்காலும் என் இன்ச் டேப்பும்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் கஸ்தூரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ராஜகிரி அடிவாரத்து மைதானத்தில் நீளம் தாண்டும்போது கால் மடங்கி விழுந்திருக்கிறாள். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவளுக்கு வயது பதினைந்து. அடுத்த மாதம் ஜில்லா போட்டி.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது செஞ்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக எனக்குப் பத்து வருட சர்வீஸ். டாக்டர் பார்த்துவிட்டு, "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஸ்ப்ளிண்ட் வச்சுக் கட்டு. மூணு வாரம் அசையக் கூடாது" என்றார். மரச் சட்டம் வைத்துக் கட்டினேன். ஊரார் கால்களுக்கெல்லாம் கட்டுப் போட்ட நான் அன்று முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டேன்.

காரணம் உண்டு. முந்தின வருடம் தொண்டூரிலிருந்து ஒரு பையன் வந்தான். இதே முழங்கால், இதே வீக்கம். பத்து நாள் வீட்டிலேயே கிடந்து, உள்ளே சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்தான். பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது தொடைக்குக் கீழே கால் இல்லை. அவனுக்குத் தினமும் கட்டு மாற்றியவன் நான்தான். வீட்டில் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன். காலையில் கிளம்புமுன் கட்டை அவிழ்த்து இன்ச் டேப்பால் முழங்காலை அளப்பேன். சுடுகிறதா என்று புறங்கையால் பார்ப்பேன். விரலால் அழுத்துவேன். மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கால் அங்குலம் கூடினாலும் எனக்குச் சோறு இறங்காது.

எட்டாம் நாளும் வீக்கம் வடியவில்லை. அவளுக்கு உடம்பு வேறு சுட்டது. டாக்டரிடம் ஓடினேன். "சார், சீழ் புடிச்சிக்கிச்சு சார். கொழந்த காலு போயிடும் சார்!"

அவர் வீட்டுக்கே வந்தார். "கட்டு ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு? எத்தனை தடவை அவிழ்க்கறே?"

நான் இன்ச் டேப்பைப் பைக்குள் திணித்தேன். கஸ்தூரிதான் சொன்னாள். "மூணு தபா சார். அமுத்தி அமுத்திப் பாக்குறாரு."

"தொண்டை சிவந்திருக்கு, சளிக் காய்ச்சல். சீழெல்லாம் இல்ல. அசைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நீ. நீ கையை எடுத்தாலே பாதி சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவமானமாக இருந்தது. "ரொம்ப வலிச்சுதாம்மா? சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வலி இன்னா வலி நைனா. டேப்பு வச்சதும் உம் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். என் கால எடுத்துடப் போறாங்க, நீ எங்கிட்ட மறைக்கிறேன்னு நெனச்சிக்கினேன். டெய்லி அழுதேன்."

தொண்டூர்ப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, முகத்தாலேயே அத்தனையும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவனைப் பற்றி அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கட்டை நான் தொடவில்லை, டாக்டர்தான் அவிழ்த்தார்.

அந்த வருடப் போட்டி போயிற்று. அடுத்த வருடம் அவள் தாண்டினாள். "நீ மட்டும் வராத நைனா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்துகொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் கட்டை அவிழ்க்கும்போது படுத்திருப்பவர் புண்ணைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார். பயமிருந்தால் அதை வார்த்தையில் சொல்லிவிடுங்கள். இது எனக்கு உறைக்க என் மகள் எட்டு நாள் அழ வேண்டியிருந்தது.