வேலிக்கு உள்ளே ஒரு பிள்ளை

கந்தப்பளைக்கு வந்து இரண்டரை வருடமாகிறது. இன்னும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே தண்ணீர் மேலேயிருந்து வருவது. யாழ்ப்பாணத்தில், எங்கள் புத்தூரில், நாங்கள் தண்ணீரைக் குனிந்துதான் பார்த்தோம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, வாளி விட்டு, இழுத்து எடுத்தோம். இங்கே மலையில் எங்கேயோ ஊறுவது கறுப்புக் குழாய் வழியாக இறங்கி, எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு தகரப் பீலியால் இரவு பகலாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பூட்டுவதற்குத் திருகு எதுவும் இல்லை. வந்த முதல் வாரம், இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே என்ற பதைப்பில் பழந்துணியைச் சுருட்டிப் பீலியின் வாயை அடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது, தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருக்கும் சரோஜா வெறுங்குடத்தோடு முற்றத்தில் நின்றாள்.

"பீலிய அடைச்சிறாதீங்க டீச்சர். இங்க தண்ணி நின்னா கீழ எங்களுக்கு இல்லாமப் போகுது."

எங்கள் ஊரில் சிக்கனம் என்று படித்த ஒன்று, இங்கே பக்கத்து வீட்டாரின் தண்ணீரை மறிப்பதாகிவிட்டது. வெட்கத்தோடு துணியை உருவினேன்.

என் கணவருக்கு நுவரெலியாவில் அரசாங்கக் கந்தோரில் வேலை. இடமாற்றத்தில் வந்தார், நானும் இங்குள்ள தோட்டப் பள்ளிக்கூடமொன்றுக்குக் கணித ஆசிரியையாக மாற்றம் எடுத்துக்கொண்டு, மகள் கவினியோடு பின்னால் வந்தேன். வாடகைக்குக் கிடைத்த வீட்டோடு முக்கால் ஏக்கர் நிலமும் இருந்தது. ஒரு காலத்தில் அதில் ஒரு லயம் இருந்ததாம். மண் வெடித்ததால் ஆட்களை வேறிடத்துக்கு எழுப்பிவிட்டு, லயத்தை இடித்து, நிலத்தைத் துண்டு துண்டாக விற்றிருக்கிறார்கள். வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பத்தில் பிறந்த இவருக்கு அந்த நிலத்தைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டக்காரர். லீக்ஸ், கரட், கோவா என்று சரிவில் மூன்று தட்டு. சிவப்பி என்றொரு பசு, இரண்டு ஆடு, எட்டுக் கோழி. இவர் ஊர்ப் பழக்கத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க, அது சரிவில் ஓடிக் கீழே உள்ள கரட்டையும் அள்ளிக்கொண்டு போனது. "சார் வெவசாயம் பண்றாரா, ஆறு வெட்றாரா?" என்று சரோஜா சிரித்தாள். அவள்தான் சிவப்பியிடம் பால் கறக்கவும், லீக்ஸ் தண்டுக்கு மண் அணைக்கவும் எங்களுக்குச் சொல்லித் தந்தவள். கவினி அவளிடமிருந்து பேச்சையே எடுத்துக்கொண்டாள். "அம்மா, கோழி முட்ட போட்ருச்சுங்க" என்று ஓடிவரும் ஒன்பது வயதுப் பிள்ளை என்னுடையதுதானா என்று சில வேளை திகைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் ஒன்றை மறைத்து எழுத முடியாது. பீலியடியில் நிற்கும்போது எனக்கு என் தம்பி குகனின் குரல் கேட்கும். பின்னேரங்களில் எங்களைப் பெற்ற ஐயா நீர் இறைக்கும் இயந்திரத்தடியில் நிற்பார். குகன் வெங்காயப் பாத்திகளுக்குள் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பி விடுவான். கடைசிப் பாத்தி முட்டியதும், "நிரம்பீட்டுது அக்கா!" என்று கத்துவான். நான் ஓடிப்போய் ஐயாவிடம் சொல்ல வேண்டும். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவன் வன்னியில் இருந்தான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பட்டியலிலும் இல்லை, மற்றதிலும் இல்லை. அம்மா இன்றுவரை அவனுக்கு ஒரு திவசம் செய்ய விட்டதில்லை. தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் அவன் குரல் எப்படி வந்து புகுகிறது என்று தெரியவில்லை. இங்கே நிரம்புவதற்குப் பாத்தியும் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன்.

போன ஆவணி மாதம் இவர் சாணம் கொட்ட எருக்கிடங்கு ஒன்று வெட்ட நினைத்தார். நிலத்தின் கீழ் மூலையில், வேலியை ஒட்டி, வெள்ளை லில்லிகள் கொத்தாக வளர்ந்திருந்தன. அவற்றின் நடுவே மூன்று கற்கள். மாட்டுக் கொட்டிலுக்கு அதுதான் கிட்ட. ஒரு சனிக்கிழமை காலையில் லில்லிகளை ஒதுக்கி, கற்களைப் பெயர்த்து, சிவப்பி சேற்றில் வழுக்காமலிருக்கக் கொட்டில் வாசலில் போட்டுவிட்டு வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போயிருக்கும். நான் மேலே கோவாவுக்குப் புழு பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப் பாதையில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு போய்க்கொண்டிருந்த சரோஜா, சாக்கைப் போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"சார்! வேணாங்க சார்! அங்க புள்ள இருக்குங்க!"

நான் கேட்டதும் விளங்கியதும் ஒன்றுதான்: கவினி கிடங்குக்குள் விழுந்துவிட்டாள். எப்படி அந்தத் தட்டுகளைத் தாண்டினேன் என்று தெரியாது. இவர் மண்வெட்டியோடு நின்றார். கிடங்குக்குள் ஒருவரும் இல்லை. "பிள்ளை எங்கையப்பா? பிள்ளை எங்கை?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆட்டுக் கொட்டிலுக்குள்ளிருந்து, "நான் இங்கதான இருக்கேன்" என்று கவினி எட்டிப் பார்த்தாள்.

சரோஜா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஒங்க புள்ள இல்லீங்க டீச்சர். லெச்சுமி அக்கா புள்ள. செல்வராணி. இங்க இருந்த லயத்துலதான் இருந்தாங்க. காச்சல்ல போயிருச்சு. ஏழு வயசு."

அப்போதுதான் சொன்னாள். அந்த லயத்தார் தங்கள் இறந்தவர்களைக் கீழே தேயிலைக்குள் புதைத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், நான் தினமும் பார்த்து ரசிக்கும் பச்சைக்குள், பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். நிலத்தைத் துண்டு போட்டவர்கள் வேலி அடித்தபோது, இந்தப் பிள்ளை ஒருத்தி மட்டும் உள்ளே அகப்பட்டுக்கொண்டாள். பிள்ளை இருக்கிறது என்றுதான் சரோஜா சொன்னாள். இருந்தது என்று சொல்லவில்லை.

இவர் மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டு மூடினார். லில்லிகளைத் திரும்ப நட்டோம். கற்களைத் தூக்கி வந்தோம். அப்போதுதான் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமான கற்கள். எது தலைமாட்டில் இருந்தது, எது கால்மாட்டில் இருந்தது என்று இருவருக்கும் நினைவில்லை. வேலியைச் சுற்றி உள்ளே வந்த சரோஜாவுக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு ஒழுங்கில் வைத்துவிட்டு, மூவரும் மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் எழும்பினோம்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. பால் கறந்தோம், கொப்பி திருத்தினேன், கரட்டுக்குக் களை பிடுங்கினோம். ஆனால் கீழ் மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. பட்டப்பகலில், மூடுபனி ஏறி வரும் நேரத்தில், லில்லிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ குந்தியிருப்பது போலத் தெரியும். பனி விலகினால் ஆடு. ஒருநாள் பனி விலகியபோது அது கவினி. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "செல்வராணிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறேன். ஏழாம் வாய்ப்பாடு தெரியாதாம்" என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, ஏன் ஓங்கினேன் என்று தெரியாமல் இறக்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயம் மட்டுமல்ல, எனக்குள் பொறாமையும் இருந்தது. முகம் தெரியாத அந்தத் தாய்க்கு ஒரு மூலை இருக்கிறது, மூன்று கல் இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறாள் என்று கைகாட்ட ஊரில் ஆள் இருக்கிறது. என் அம்மாவுக்கு என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்துச் சரோஜா வந்து சொன்னாள்: "லெச்சுமி அக்காவுக்குச் சேதி போயிருச்சு டீச்சர். இப்ப தலவாக்கலையில இருக்காங்க. ஞாயித்துக்கெழம வர்றாங்களாம். ஒங்ககிட்ட பேசணுமாம்."

எங்கள் ஊரில் நாங்கள் கதைப்போம். பேசுவதென்றால் ஏசுவது. இங்கே பேசுவதென்றால் கதைப்பதுதான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் குற்றமுள்ள மனம் தன் ஊர்ப் பாஷையில்தான் கேட்கும் போலிருக்கிறது. பேச வருகிறாள், பேசட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தேன். இவரோ, "காணிச் சொந்தக்காரருக்கு அறிவிப்பமா? நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டு வந்தால்..." என்று இழுத்தார். வேண்டாம் என்றேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு லெச்சுமி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சேலை, மேலே ஆண்களின் கம்பளிச் சட்டை, கையில் ஒரு கடைப் பை. தலவாக்கலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாளாம். கதிரையில் இருக்கச் சொன்னேன். விளிம்பில் இருந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் தொடங்குவதற்கு முன் நானே தொடங்கிவிட்டேன்.

"அம்மா, எங்களை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எங்களுக்குத் தெரியாது. கல்லையும் பிரட்டிப் போட்டம். எந்தக் கல் எந்தப் பக்கம் இருந்ததெண்டும் எங்களுக்குத் தெரியேல்லை."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கே தெரியாதுங்க டீச்சர். பொம்பளைங்கள குழிக்கு விட மாட்டாங்கல்ல? ஆம்பளைங்கதான் கொண்டு போனாங்க. நான் லயத்து வாசல்ல கெடந்தேன். பொறவு ஒரு நா தனியாப் போயிப் பாத்தேன். தலையா காலான்னு யாருகிட்ட கேக்குறது? நடுவுல ஒக்காந்துக்குவேன்."

கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"வருசா வருசம் வந்து ஒரு கப்பூரம் ஏத்திட்டுப் போவேன்ங்க. இந்த ரெண்டு வருசந்தான் ரோட்டுலயே நின்னுட்டுப் போயிட்டேன். கேட்டு பூட்டியிருந்துச்சு."

அந்தப் பூட்டை நான்தான் வாங்கிப் போட்டேன். ஊரில் வேலிப் படலை வெறுமனே சாத்திக் கிடக்கும். அந்நிய இடம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று நுவரெலியாவில் தேடி வாங்கிய நல்ல பூட்டு.

"கூப்பிட்டிருக்கலாமே அம்மா. திறந்து விட்டிருப்பமே."

"யாழ்ப்பாணத்து டீச்சர் வீடுன்னாங்க. என் புள்ள ஒங்க வீட்டுக்குள்ள இருக்குன்னு வந்து எப்பிடிங்க சொல்றது?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் என்னை விடவில்லை. அவள் பேச வந்தது இவ்வளவுதான்: எருக்கிடங்கு மட்டும் வேண்டாம். மற்றபடி நிலத்தைச் சும்மா விட வேண்டாம், காடு ஏறிவிடும், கரட்டோ பூவோ ஏதாவது போடுங்கள். "கரட்டுன்னா உசுரு அதுக்கு. கழுவக்கூட விடாது" என்றாள்.

எல்லோருமாகக் கீழே இறங்கினோம். கவினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ எத்தனையாம் ஆண்டு படிக்கிறா?" என்று கேட்டாள். "ரெண்டாம் ஆண்டும்மா" என்றாள் லெச்சுமி. பையிலிருந்து கர்ப்பூரமும் இரண்டு வாழைப்பழமும் எடுத்து, கற்களின் நடுவே குந்தினாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்காளுங்கள்லாம் எங்கங்க இருக்காங்க?"

உயிரோடு இருப்பவர்களைக் கேட்கவில்லை என்று விளங்கியது. "ஐயாவை ஊர்ச் சுடலையில எரிச்சது. தம்பி..." என்றேன். மேலே போக முடியவில்லை. "தம்பி எங்கையெண்டு தெரியாது." இந்த மலையில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் தீப்பெட்டியைத் திறந்தாள்.

"பேரு என்னங்க?"

"குகன்."

கர்ப்பூரத்தைக் கொளுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, "செல்வராணி" என்றாள். பிறகு, கூப்பிட்டுப் பழகிய குரலில், "குகன்" என்றாள். காற்றுக்கு இவர் இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டு நின்றார். நான் கையெடுக்கவில்லை. கும்பிட்டால் அவன் இறந்துவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கும்பிடாமல் நிற்கவும் முடியவில்லை. பாதி உயர்ந்த கையோடு நின்றேன்.

அன்றே பூட்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். மூலையில் கரட் விதைத்தோம். விளைந்ததைச் சரோஜாவிடம் கொடுத்துத் தலவாக்கலைக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டில் அதைச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. மாசியில் இவருக்கு ஊருக்கு மாற்றம் கேட்கும் படிவம் வந்தது. நிரப்பிக்கொண்டிருந்தவரிடம், இந்த வருடம் வேண்டாம் என்றேன். "ஏன்? கொம்மா தனிய இருக்கிறா எண்டு நீர்தானே அழுதனீர்?" என்றார். அடுத்து இந்த வீட்டுக்கு வருகிறவருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது, அவர் பூட்டுப் போட்டால் என்ன செய்வது என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. படிவத்தை மடித்து வைத்தார்.

சித்திரை விடுமுறைக்குப் புத்தூர் போனோம். மத்தியான வெயில். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சரிந்த நேரம், தெரு நாய் உள்ளே வருகிறதென்று முன்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அறைக்குள் கண்ணை மூடிக் கிடந்த அம்மா, அந்தச் சின்னச் சத்தத்துக்கு எழும்பி உட்கார்ந்தாள்.

"கொண்டி போடாதை பிள்ளை."

"பகல்தானேயம்மா, ஆர் வரப்போகினம்?"

அம்மா எழும்பி வந்து தானே கொண்டியை எடுக்கக் காலைக் கீழே வைத்தாள். நான் அவசரமாகக் கதவுக்குத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அடித்தது. சரோஜா.

"டீச்சர், லெச்சுமி அக்கா வந்துட்டுப் போனாங்க. கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா சாத்தாமப் போயிட்டாங்க, ஒங்க செவப்பி வெளிய போயிருச்சு. பயப்படாதீங்க, புடிச்சுக் கட்டிட்டேன். இனி என்ன செய்ய? பூட்டிறவா?"

"வேண்டாம்" என்றேன். தொலைபேசி ஒரு கையில் இருந்தது. மற்றக் கை கொண்டியை எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அம்மா திரும்பப் படுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.